மறைந்தவரின் சேகரிப்பைப் பிரிப்பது எப்படி? தபால்தலை முதல் ஹார்டு டிஸ்க் வரை முழுமையான வழிகாட்டி

ஒருவர் மறைந்தபின் அவருடைய துணிமணி, பாத்திரம், மேசை நாற்காலியை என்ன செய்வது என்று வீட்டில் எல்லோருக்கும் ஓரளவு தெரியும். சிக்கல் அந்த ஒரு அறையில்தான். ஆல்பம் ஆல்பமாகத் தபால்தலை, டப்பா டப்பாவாக நாணயம், பாதி பெயின்ட் அடித்த சிப்பாய் பொம்மைகள், எங்கே போகிறது என்றே தெரியாத கேபிள்கள், மினுக் மினுக்கென்று விளக்கெரியும் ஒரு கறுப்புப் பெட்டி. இதையெல்லாம் புரிந்துவைத்திருந்த ஒரே ஆளும் இப்போது இல்லை.

2015இல் கலிஃபோர்னியாவில் ஒரு பெண்மணி, கணவர் இறந்தபின் கார் ஷெட்டைச் சுத்தம் செய்து, பழைய மின்னணுச் சாமான்களைப் பெட்டிகளில் கொண்டுபோய் ஒரு மறுசுழற்சி நிறுவனத்தில் இறக்கிவிட்டுப் போனார். ரசீதுகூட வேண்டாமென்று சொல்லிவிட்டார். சில வாரம் கழித்துப் பெட்டியைப் பிரித்தவர்களுக்கு உள்ளே கிடைத்தது ஆப்பிள்-1. 1976இல் சுமார் 200 மட்டுமே செய்யப்பட்ட, ஆப்பிளின் முதல் கணினி. நிறுவனம் அதை 2,00,000 டாலருக்கு விற்றுவிட்டு, பாதிப் பணத்தைக் கொடுப்பதற்காக அந்தப் பெண்மணியைச் செய்தி ஊடகங்கள் வழியாகத் தேடியது.

இதைக் கேட்டதும் கண்ணில் பட்டதெல்லாம் பொக்கிஷமாகத் தெரியும். உண்மையில் பெரும்பாலான சேகரிப்புகளுக்குச் சந்தையில் பெரிய விலை கிடையாது. ஆனால் விலை இருப்பதற்கும் இல்லாததற்கும் ஒரு பொதுவான விதி உண்டு. பொருளைச் சுற்றியிருக்கும் விவரம், அதாவது அது எந்த வரிசையில் இருந்தது, பக்கத்தில் என்ன எழுதியிருந்தது, எந்தப் பெட்டியில் வந்தது என்பதெல்லாம் போய்விட்டால் பொருளின் மதிப்பில் பெரும்பகுதி அதோடு போய்விடும். சுத்தம் செய்கிறேன் என்று இறங்கும் முதல் நாளிலேயே தொலைவதும் அந்த விவரம்தான். அதனால் கீழே உள்ள படிகள் எல்லாமே அவர் எப்படி அடுக்கினார் என்பது புரியும்வரை கலைக்காமல் இருப்பதற்கானவை.

முதல் படி: யாருக்கு உரிமை என்று முடிவு செய்யுங்கள்

உயில் இருந்தால் அதை நிறைவேற்றும் பொறுப்பில் இருப்பவர், இல்லாவிட்டால் சட்டப்படி வாரிசுகள். இது தெளிவாகும்வரை ஒரு பொருளும் வீட்டைவிட்டுப் போகக்கூடாது. "இந்த ஆல்பம் உனக்குத்தான்னு சொல்லியிருந்தார்" என்று யாராவது வருவார்கள். உண்மையாகக்கூட இருக்கலாம். பெயரையும் பொருளையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, பிறகு சொல்கிறோம் என்று அனுப்பிவையுங்கள். இந்தப் பொழுதுபோக்குக்காரர்களிடையே இரவல் கொடுக்கல் வாங்கல் அதிகம் என்பதையும் மறக்க வேண்டாம். அலமாரியில் இருப்பதில் கொஞ்சம் நண்பர்களுடையதாகவும், நண்பர்கள் வீட்டில் இருப்பதில் கொஞ்சம் இவருடையதாகவும் இருக்கும்.

இரண்டாம் படி: தள்ளிப்போட முடியாதவற்றை முதலில் பாருங்கள்

மற்ற எல்லாம் மாதக்கணக்கில் காத்திருக்கும். இவை காத்திருக்காது.

அவருடைய செல்பேசி எண்ணை ரத்து செய்யாதீர்கள். வங்கி முதல் மின்னஞ்சல் வரை எல்லாக் கணக்குக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். போனை ரீசெட் செய்யவும் வேண்டாம். சார்ஜ் போட்டு பத்திரமாக வையுங்கள்.

கணினி ஓடிக்கொண்டிருந்தால், அணைக்கும் முன் யோசியுங்கள். டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்து வைத்திருந்தால், ஒருமுறை அணைத்துவிட்ட பிறகு கடவுச்சொல் இல்லாமல் யாராலும் திறக்க முடியாது. இப்போது திறந்திருக்கும் திரைதான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பாக இருக்கலாம். விவரம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேண்டியதை வெளி டிஸ்க்கில் நகலெடுத்த பிறகு அணையுங்கள்.

விளக்கெரியும் சின்னப் பெட்டிகளுக்கும் இதேதான். "இது எதுக்கு வெட்டியா ஓடுது" என்று பிளக்கைப் பிடுங்கினால் வீட்டின் இணையமே நின்றுபோகலாம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் ராஸ்பெரி பை கணினியில் வீட்டின் நெட்வொர்க், கேமரா, குடும்பப் புகைப்படக் கிடங்கு என்று எதை வேண்டுமானாலும் ஓட்டியிருப்பார். கேபிள் எங்கிருந்து எங்கே போகிறதென்று பார்த்து, இரண்டு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டுங்கள். பல டிஸ்க் போட்ட சேமிப்புப் பெட்டி என்றால், எந்த டிஸ்க் எந்தத் துளையில் இருந்தது என்று குறிக்காமல் ஒன்றையும் உருவாதீர்கள்.

அவருடைய கார்டை வங்கி முடக்கியதும் மாதச் சந்தாக்கள் ஒவ்வொன்றாக நிற்கும். இசைச் சந்தா நின்றால் ஒன்றும் குடிமுழுகாது. ஆனால் பணம் கட்டாத ஆன்லைன் சேமிப்பிடத்தில் இருப்பவை கொஞ்ச காலத்தில் அழிக்கப்படலாம், புதுப்பிக்காத இணைய முகவரியை வேறு யாராவது வாங்கிக்கொள்ளலாம். கடந்த ஓராண்டு கார்டு கணக்கைப் படித்தாலே எதை யாருக்குக் கட்டிவந்தார் என்பது தெரிந்துவிடும்.

ட்ரோன், ரிமோட் கார், மாடல் விமானம் இருந்தால் அவற்றின் லித்தியம் பேட்டரிகளைத் தேடி எடுங்கள். உப்பியிருப்பதைக் குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். தீப்பிடிக்கும். எரியாத தளத்தில், மற்ற சாமான்களிலிருந்து தள்ளி வைத்து, மின்கழிவு சேகரிப்பவர்களிடம் சொல்லிக் கொடுங்கள். பொம்மைகளிலும் ரேடியோக்களிலும் இருக்கும் சாதாரண பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள், கசிந்து உள்ளிருப்பதை அரித்துவிடும்.

இதில் ஒரே ஒரு விலக்கு. 1990களின் கேம் பாய் என்ற கையடக்க வீடியோ கேம் கருவியின் கார்ட்ரிட்ஜ்களில் பலவற்றுக்குள் ஒரு நாணய பேட்டரி இருக்கும். சேமித்து வைத்த ஆட்டம் உயிரோடு இருப்பதே அதனால்தான். கழற்றினால், அவர் வைத்த பெயரோடு, அவர் வளர்த்த போக்கிமான்களோடு எல்லாம் அந்த நொடியே அழிந்துவிடும். கார்ட்ரிட்ஜிலிருந்து சேமிப்பைக் கணினிக்கு நகலெடுக்கும் கருவிகள் கிடைக்கின்றன. முதலில் நகல், அப்புறம் பேட்டரி.

கடைசியாக ஒன்று. வாராவாரம் அவரோடு உட்கார்ந்து விளையாடியவர்கள், ஆன்லைனில் பாதி ஆட்டத்தில் காத்திருக்கும் சதுரங்க எதிராளி, தபாலில் ஏதோ அனுப்பிவிட்டுப் பதிலுக்காக இருப்பவர், இவர்களுக்குச் செய்தி சொல்ல யாரும் நினைப்பதில்லை. இரண்டு வரி போதும். பின்னால் உங்களுக்கு உதவப்போவதும் இவர்கள்தான்.

மூன்றாம் படி: தொடுவதற்கு முன் படம் எடுங்கள்

அறை வாசலில் நின்று நான்கு மூலையையும் எடுங்கள். அப்புறம் ஒவ்வொரு அலமாரி, ஒவ்வொரு தட்டு, ஒவ்வொரு இழுப்பறை. மூடிய பெட்டியை மூடியபடி ஒன்று, திறந்து ஒன்று. மேசைக்கு அடியில் ஓடும் வயர்களையும் விடாதீர்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எழுத்து, ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் என்று துண்டுச்சீட்டில் எழுதி வைத்துக்கொண்டால், பின்னால் "அ-3இல் இருந்தது" என்று சொன்னாலே போதும். சீட்டைப் பொருளின்மேல் ஒட்டாதீர்கள், பெட்டியில் ஒட்டுங்கள்.

படமே எடுக்கக் கூடாத ஒன்றும் உண்டு. 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் வரிசையாக எழுதிய ஒரு தாளோ உலோகத் தகடோ கிடைத்தால், அது பெரும்பாலும் கிரிப்டோ பணப்பையின் மீட்புச் சொற்கள். அந்தச் சொற்கள் யாரிடம் இருக்கிறதோ பணம் அவருடையது. போனில் படமெடுத்தால் அது தானாகவே எங்கெங்கோ நகலாகும். உறையில் போட்டுப் பூட்டிவைத்து, உரிமையுள்ளவரிடம் மட்டும் கொடுங்கள். "மீட்டுத் தருகிறேன், சொற்களை அனுப்புங்கள்" என்று யார் கேட்டாலும் அவர் திருடர். பென் டிரைவ் போலிருக்கும், சின்னத் திரையுள்ள கருவியும் இதைச் சேர்ந்ததாக இருக்கலாம், வீசிவிடாதீர்கள்.

நான்காம் படி: அவர் எழுதிவைத்ததைத் தேடுங்கள்

சேகரிப்பவர்கள் பட்டியல் போடாமல் இருக்க மாட்டார்கள். கணினியில் எக்செல் கோப்பாக, பழைய டைரியாக, அல்லது ஆல்பத்தின் கடைசி அட்டைக்குள் மடித்துவைத்த தாளாக அது எங்கோ இருக்கும். ஆன்லைனில் வாங்கிய ரசீதுகள் மின்னஞ்சலில் கிடக்கும். காப்பீட்டுத் தாள், ஏல நிறுவன உறை, சங்க உறுப்பினர் அட்டை எதையும் பழைய காகிதம் என்று தள்ளாதீர்கள்.

தபால்தலை ஆல்பத்தில் ஒரு பக்கத்தை உற்றுப் பாருங்கள். ஒரே மாதிரிச் சிவப்புத் தலைகள் ஒரு வரிசை, ஒவ்வொன்றின் கீழும் மங்கலான பென்சிலில் ஓர் எண். பார்ப்பவருக்கு "ஒரே ஸ்டாம்பை எதற்கு இத்தனை" என்றுதான் தோன்றும். அந்த எண் ஸ்டான்லி கிப்பன்ஸ், ஸ்காட், மிஷெல் போன்ற ஏதோ ஒரு விலைப்பட்டியலின் எண்ணாக இருக்கும். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் வித்தியாசம் தாளின் நீர்க்குறியில் இருக்கலாம், ஓரத்துத் துளைகளில் இருக்கலாம். 2 சென்டிமீட்டரில் 14 துளையா 15 துளையா என்பதுவரை கணக்கு உண்டு. பிரிட்டனின் சிவப்பு ஒரு பென்னித் தலையில் 1864 முதல் பக்கவாட்டு அலங்காரத்துக்குள் நுண்ணிய அச்சுத்தட்டு எண் இருக்கும், 71 முதல் 225 வரை. மற்ற எண்கள் பல சாதாரணம். 77 மட்டும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே கிடைத்திருக்கிறது. பூதக்கண்ணாடியோடு பல மாலைகள் உட்கார்ந்து அவர் பிரித்துவைத்ததை, "டூப்ளிகேட்" என்று ஒரே கவரில் கொட்டிக் கலந்துவிட ஐந்து நிமிடம் போதும்.

ஐந்தாம் படி: வகையைப் பார்த்துக் கைவையுங்கள்

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று: துடைக்காதீர்கள், கழுவாதீர்கள், பளபளப்பாக்காதீர்கள்.

தபால்தலை: உறையோடு இருப்பதை உறையோடே விடுங்கள். முத்திரை, முகவரி, தேதி எல்லாம் சேர்ந்தால்தான் சில உறைகளுக்கு மதிப்பு. விரலால் தொடாமல் தட்டை முனையுள்ள இடுக்கியால் எடுங்கள். பழசென்றால் அரிது என்று நினைக்க வேண்டாம். உலகின் முதல் தபால்தலையான 1840இன் பென்னி பிளாக்கே சுமார் 6.8 கோடி அச்சானது.

நாணயம்: விளிம்பைப் பிடித்து எடுங்கள். கறுத்துப்போன வெள்ளி நாணயத்தைத் தேய்த்துப் பளிச்சிட வைத்தால், வாங்க வருபவர் உதட்டைப் பிதுக்குவார். கொழகொழவென்ற பழைய பிவிசி கவர்கள் காலப்போக்கில் நாணயத்தில் பச்சையாகப் படியும். அப்படி இருந்தால் நாணயத்தை வேறு உறைக்கு மாற்றலாம், ஆனால் பழைய உறையில் எழுதியிருந்ததும் கூடவே போக வேண்டும்.

காமிக்ஸ், பழைய இதழ்கள்: மலிவான செய்தித்தாள் காகிதம் வெளிச்சத்திலும் சூட்டிலும் பழுப்பேறி நொறுங்கும். ஓரம் கிழிந்திருந்தால் செலோ டேப் ஒட்டாதீர்கள், கிழிசலைவிட அதுதான் பெரிய சேதம்.

அட்டை விளையாட்டுகள்: மேஜிக், போக்கிமான் அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுவது கொலைபாதகம். ஓரம் மடங்கினால் போச்சு. மேஜிக் 1993 ஆகஸ்டில் முதலில் வந்தபோது, அந்த ஆல்ஃபா பதிப்பில் அரிய அட்டை ஒவ்வொன்றும் சுமார் 1,100 மட்டுமே அச்சானது. அதன் அட்டைகளின் மூலைகள் பின்னால் வந்தவற்றைவிட அதிகம் வளைந்திருக்கும், விளிம்பு கறுப்பு. அடுத்த சில மாதங்களிலேயே வெள்ளை விளிம்போடு லட்சக்கணக்கில் அச்சடித்தார்கள். அதனால் ஒரே பெயர், ஒரே படம் என்று இரண்டை ஒன்றாகக் கட்ட முடியாது. தனித்தனி உறையில், பூட்டிய பெட்டியில் இருப்பவை அங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு.

பொம்மை ரயில்: ஒரே ரயில் போலத் தெரிந்தாலும் அளவுகள் வேறு: ஹெச்ஓ (HO) அளவு 1:87, என் (N) அளவு 1:160. கலந்தால் யாருக்கும் பயனில்லை. காலிப் பெட்டிகளைத் தூக்கிப்போடாதீர்கள். எஞ்சினைக் காட்டிலும் அதன் பழைய அட்டைப்பெட்டி கிடைப்பதுதான் அரிது. மேசைமேல் கட்டிய மலை, ஊர், தண்டவாளம் எல்லாம் அழகாக இருந்தாலும் அதை அப்படியே வாங்க ஆள் கிடைப்பது கடினம். ரம்பத்தை எடுக்கும் முன் மேசையின் அடியில் படுத்துப் பாருங்கள். பெரும்பாலும் போல்ட் போட்ட துண்டுகளாகத்தான் கட்டியிருப்பார், கழற்றினால் பிரிந்து வரும்.

லெகோ: அவர் கட்டிவைத்ததைப் படமெடுத்துவிட்டுப் பிரியுங்கள். பெட்டி எண் தெரிந்தால் கட்டும் முறைகள் பலவும் நிறுவனத்தின் தளத்திலேயே கிடைக்கும். வகை பிரித்த டப்பாக்களை ஒரே கோணியில் கொட்டாதீர்கள், அவ்வளவுதான்.

சிப்பாய் பொம்மைகள்: பழைய உலோகப் பொம்மைகளில் ஈயம் உண்டு, கையாண்டபின் கை கழுவுங்கள், குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள்.

ஹாம் ரேடியோ (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுவது): இங்கே வேகம் ஆபத்து. சிக்னலைப் பெருக்கும் பெரிய ஆம்ப்ளிஃபயர்களுக்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மூடியைத் திறக்காதீர்கள். உடைந்த வெள்ளைப் பீங்கான் பாகங்கள் கிடந்தால் தூளாக்காதீர்கள், சிலவற்றில் நச்சான பெரிலியம் ஆக்சைடு உண்டு. கூரைமேல் கம்பமிருந்தால் நீங்களே ஏறி இறக்கப் பார்க்காதீர்கள். ஒலிபரப்பும் கருவிகளை உரிமம் இல்லாதவருக்குக் கொடுப்பது சில நாடுகளில் சட்டப்படி தவறு. இதெல்லாம் பயமுறுத்தலாகத் தோன்றினாலும் ஒரு நல்ல செய்தி: மறைந்த சக வானொலிக்காரர் வீட்டைப் பிரித்துக்கொடுப்பதைக் கடமையாகவே எடுத்துச் செய்யும் ஹாம் சங்கங்கள் பல ஊர்களில் உண்டு. வானொலியில் அவருடைய அடையாளமாக இருந்த அழைப்புக் குறியைச் சொன்னால் போதும். அவரோடு வானொலியில் பேசியதை உறுதிசெய்து உலகெங்கிலுமிருந்து வந்த க்யூஎஸ்எல் அட்டைகளைக்கூட எறிய வேண்டாம், அவற்றுக்கென்றே வியன்னாவில் ஓர் ஆவணக் காப்பகம் இருக்கிறது.

பழைய கணினிகள்: வேலை செய்கிறதா பார்ப்போம் என்று பிளக்கில் சொருகுவதுதான் வழக்கமான அபத்தம். கமடோர் 64இன் பழைய மின்வழங்கி கெட்டுப்போனால் அதிக வோல்டேஜை உள்ளே விட்டுச் சிப்புகளை எரித்துவிடும். 1980களின் கடைசி, 1990களின் தொடக்கக் கணினிகள் பலவற்றில் மதர்போர்டில் பற்றவைத்த பேட்டரி கசிந்து தாமிரத் தடங்களைத் தின்றிருக்கும். மின்சாரம் கொடுக்காமல் திறந்துகாட்டி, தெரிந்தவரிடம் கேளுங்கள். ஃப்ளாப்பிகளைப் படிக்க முயல்வதையும் அவரிடமே விடுங்கள். பூஞ்சை பிடித்த ஒரு ஃப்ளாப்பி, டிரைவையும் அடுத்து போடும் ஃப்ளாப்பிகளையும் சேர்த்துக் கெடுக்கும்.

கல், பூச்சி, தாவரம்: எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று எழுதிய சீட்டு இருக்கும்வரைதான் இவை அறிவியல் மாதிரிகள். சீட்டு பிரிந்துவிட்டால் கல் வெறும் கல். பழைய பூச்சிப் பெட்டிகளிலும் உலர்தாவரத் தாள்களிலும் ஆர்சனிக், பாதரசச் சேர்மங்கள் பூசியிருக்கலாம் என்பதால் கையுறை அவசியம். சில கனிமங்கள் கதிரியக்கம் உள்ளவை. இருட்டில் ஒளிரும்படி முள் பூசிய பழைய கடிகாரங்களும் அப்படித்தான், திறக்காதீர்கள்.

ஆறாம் படி: கண்ணுக்குத் தெரியாத சேகரிப்பு

தனக்குப் பின் கணக்கை யார் பார்க்கலாம் என்று முன்கூட்டியே குறித்துவைக்க, கூகுளில் செயலற்ற கணக்கு மேலாளர் என்றொரு வசதி உண்டு, ஆப்பிளில் மரபுத் தொடர்பாளர். இரண்டையும் அவர் உயிரோடு இருக்கும்போதே அமைத்திருந்தால் உங்களுக்கு வழி எளிது. ஆப்பிள் முறையில் அணுகல் சாவியும் இறப்புச் சான்றிதழும் வேண்டும். அமைக்காவிட்டால் நிறுவனத்திடம் எழுத்துமூலம் கேட்பதுதான் வழி, பல நேரம் உள்ளிருப்பதைத் தர மாட்டார்கள், கணக்கை மூட மட்டும் ஒப்புக்கொள்வார்கள்.

ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் நூற்றுக்கணக்கில் வாங்கிச் சேர்த்த கணினி ஆட்டங்கள் வாரிசுச் சொத்து ஆகாது. அந்தக் கணக்கை வேறொருவருக்கு மாற்றித்தர முடியாது என்பது அவர்களுடைய விதி. மின்னூல்களிலும் நிலைமை பெரும்பாலும் இதுதான்: வாங்கியது புத்தகம் அல்ல, படிக்கும் உரிமம். எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது, ஆனால் வீட்டுச் சொத்துக் கணக்கில் இவற்றைச் சேர்க்காதீர்கள். அவர் எழுதிய நிரல்கள் வேறு விஷயம், அவற்றின் பதிப்புரிமை வாரிசுகளுக்கு வரும். மற்றவர்கள் பயன்படுத்தும் மென்பொருள் எதையாவது அவர் தனியாளாகப் பராமரித்து வந்திருந்தால், உடன் வேலை செய்தவரிடம் பொறுப்பு மாற வேண்டும்.

டைரி, கடிதம், அரட்டைப் பதிவு வந்தால் யார் படிப்பது என்று குடும்பத்தில் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், தேடுவது கடவுச்சொல் என்றால் கடவுச்சொல்லோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஏழாம் படி: விலை பார்ப்பது

மதிப்பிடுபவரும் வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. வரும்போதே "உங்களிடம் விற்கப்போவதில்லை, மதிப்பு மட்டும் சொல்லுங்கள், கட்டணம் தருகிறோம்" என்று சொல்லிவிடுங்கள். இரண்டு பேரிடம் கேளுங்கள்.

இணையத்தில் பார்க்கும்போது, விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காமல் ஏற்கெனவே விற்றுமுடிந்த விலையைப் பாருங்கள். ஆசைக்கு யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். ஏல நிறுவனம் என்றால் கமிஷன், படமெடுக்கும் செலவு, காப்பீடு எல்லாவற்றையும் கையெழுத்துக்கு முன் கேட்டுவிடுங்கள். முதலில் வருபவர் நல்லதை மட்டும் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தை உங்கள் தலையில் கட்டிவிட்டுப் போவார். மொத்தமாகக் கொடுப்பதா, நல்லதைத் தனியாக விற்பதா என்பதை நீங்கள் முடிவு செய்த பிறகே கதவைத் திறங்கள். நேரமில்லாதவர்கள் குறைந்த விலைக்கு மொத்தமாகக் கொடுப்பதில் தவறொன்றும் இல்லை, தெரிந்தே செய்ய வேண்டும், அவ்வளவே.

எட்டாம் படி: வைத்துக்கொள்வது, கொடுப்பது

முழுச் சேகரிப்பையும் வைத்துக் காப்பாற்றுவது கடமை என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஆர்வம் உங்களுக்கு இல்லையென்றால் அது இன்னும் இருபது வருடம் பரணில் கிடந்து உங்கள் பிள்ளைகள் தலையில் விழும். ஒரு பெட்டி அளவு என்று எல்லை வைத்து, விலையைப் பார்க்காமல், அவர் அதிகம் கையாண்டதை எடுத்துக்கொள்ளுங்கள். முனை தேய்ந்த பிரஷ், ஓரம் கிழிந்த விதிப்புத்தகம், தோற்ற ஆட்டங்களையும் விடாமல் எழுதிய ஸ்கோர் நோட்டு போன்றவை.

நூலகமோ அருங்காட்சியகமோ வாங்கிக்கொள்ளுமா என்றால், தனித்தனிப் பொருளைவிட விவரத்தோடு கூடிய தொகுப்பையே விரும்புவார்கள். ரிவர்சைடில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அறிவியல் புனைவுக்கு ஈட்டன் தொகுப்பு இருக்கிறது, மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக நூலகத்தில் காமிக்ஸுக்குப் பெரிய தொகுப்பு. மேரியன் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1970களின் இறுதியிலிருந்து 2012இல் இறக்கும்வரை தொலைக்காட்சிச் செய்திகளை இரவு பகலாகப் பதிவுசெய்து வந்தார். அவர் விட்டுச்சென்ற சுமார் 70,000 வீடியோ கேசட்டுகள் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய ஆவணக் காப்பகத்தின் கைக்குப் போயின. அக்கம்பக்கத்தார் கண்ணுக்குக் கிறுக்காகத் தெரிந்திருக்கக்கூடிய வேலை, தொலைக்காட்சி நிலையங்களே வைத்திராத பதிவுகளைக் காப்பாற்றியது. ஆனால் கேட்காமல் வாசலில் இறக்கிவிடாதீர்கள். மூன்றாம் படியின் படங்களையும் நான்காம் படியின் பட்டியலையும் முதலில் அனுப்புங்கள். வேண்டாம் என்று பதில் வந்தால் அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இடப் பிரச்சினை எல்லா நூலகத்துக்கும் உண்டு.

பாதியில் நின்ற வேலைகளை அதே பொழுதுபோக்கு உள்ளவரிடம் கொடுங்கள், அவருடைய குறிப்புகளையும் சேர்த்து. பெயின்டும் பசையும் காய்ந்திருந்தால் குப்பைதான். ஹார்டு டிஸ்க், போன் எதையும் கொடுக்கும் முன் உள்ளிருப்பதை முறையாக அழிக்க வேண்டும். வெறுமனே டெலிட் செய்வது போதாது.

எது யாரிடம் போனது என்று அந்த நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். சில மாதம் கழித்து இரவல் கொடுத்த நண்பர் வந்து கேட்பார். அலமாரி, சின்னச் சின்ன இழுப்பறைப் பெட்டிகளைக் கடைசியில் கொடுங்கள், பிரிக்கும்வரை அவை தேவைப்படும். கொடுக்கும் முன் ஒவ்வொரு இழுப்பறையையும் முழுதாக வெளியே உருவி, பின்பக்கமும் அடியில் விரித்த தாளுக்குக் கீழேயும் பார்த்துவிடுங்கள். கடவுச்சொல் எழுதிய சீட்டை ஒட்டிவைக்க அந்த இடங்களைத்தான் பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள்.